காணாமையும் இல்லாமையும்

பகலில் விண்மீன்கள் எங்கும் போய்விடுவதில்லை. சூரிய ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் வானம் முழுதும் ஒளிர்ந்து, அம்மீன்களின் மெல்லொளியைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்துவிடுகிறது. இந்நிகழ்வை இந்திய மெய்யியல், அறிவு எவ்வழியில் உறுதிப்படுகிறது என்று ஆராயும் அளவையியலுக்குள் கொண்டுவந்தது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை தன் 7ஆம் செய்யுளில், உள்ள பொருள் காணப்படாமல் போவதற்கு மிகு தொலைவு, மிகு அண்மை, புலனின் பழுது, மனம் ஒன்றாமை, நுண்மை, இடைமறைப்பு, அபிபவம், ஒத்தவற்றோடு கலத்தல் என எட்டுக் காரணங்களை அடுக்குகிறது. அபிபவமாவது வலியது மெலியதை அடக்கி மறைப்பது. அதற்கு உரையாசிரியர்களான கௌடபாதரும் வாசஸ்பதி மிசிரரும் காட்டும் சான்று, கதிரவன் ஒளியில் மறையும் கோள்களும் விண்மீன்களுமே ஆகும்.

வீட்டைவிட்டு வெளியேறியவன் உள்ளிருப்போரைக் காணவில்லை என்பதால் அவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று கூறும் வாசஸ்பதி, காணத்தக்க பொருள் காணப்படாதபோது மட்டுமே இல்லாமை உறுதிப்படும் என வரையறுக்கிறார். தொலைநோக்கி இவ்வரையறைக்கு வலுச்சேர்க்கிறது: உருப்பெருக்கம் கூடக்கூட வானொளி விரிந்து மங்க, விண்மீன் புள்ளியாகவே நிற்பதால், சிரியஸ் போன்ற ஒளிமிக்க மீன்கள் பகலிலும் தென்படுகின்றன. வெள்ளிக்கோளையோ, அது நிற்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்து, சூரியனைக் கட்டடத்தால் மறைத்துக்கொண்டு நோக்குபவர் வெறுங்கண்ணாலேயே காணலாம்; ஆயினும் வெற்று நீலத்தில் பார்வை குவியப் பற்றுக்கோடு இல்லாமையால், நேர் எதிரே இருந்தும் நெடுநேரம் அகப்படாத அது, ஒருமுறை அகப்பட்டபின் பளிச்சென்று துலங்குகிறது. அபிபவத்தோடு கண்ணின் எல்லையும் சேர்ந்தே அதை மறைத்திருந்தது.

எனினும், காணப்படாத எதையும் உண்டென்று கொள்ள இச்சான்று இடம் தராது. ஆழ்கிணற்றுக்குள்ளிருந்து பகலில் விண்மீன்களைக் காணலாம் என்று அரிஸ்டாட்டில் காலம் முதலே வழங்கிவரும் நம்பிக்கை, கிணற்று வாயில் தெரியும் வானத்தின் ஒளி சிறிதும் குறைவதில்லை என்பதால் பொருந்தாது. உலகின் முதற்காரணமாகிய மூலப்பிரகிருதி நுண்மையால் காணப்படவில்லை என்று சொல்லும் காரிகையும் அவ்வளவில் அமையாமல், காரியங்களைக் கொண்டு அது அறியப்படுகிறது என 8ஆம் செய்யுளிலேயே காரணம் காட்டுகிறது. ஆகவே புலனுக்கு எட்டாத மெய்ப்பொருளை மறுப்பவர், தாம் கைக்கொண்ட அளவையால் அது அறியத்தக்கதே என்பதை முதலில் நிறுவ வேண்டும். உண்டென்பவர், அது மறைந்திருப்பதற்கான காரணத்தோடு அதை அறியும் வழியையும் காட்ட வேண்டும். இவ்விரு கடமைகளையும் ஒருசேர ஏற்கும் வாதமே மெய்யியல் என்னும் பெயருக்குத் தகுதியுடையது.