இடி விழுந்தது; பழி யார்மீது?

கார்முகில் திரள்கிறது, காற்று சுழன்றடிக்கிறது, வானைக் கிழித்துக்கொண்டு மின்னல் பாய்கிறது. வகுப்பறையிலே சிறுவர் சிறுமியர் காதைப் பொத்திக்கொண்டு, "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று அலறுகின்றனர். பாட்டி சொல்லிக் கொடுத்த பாடம் அது. புத்தகத்திலே வேறு பாடம் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியராகிய நம்முடையது. கற்பித்தோம், மனப்பாடம் செய்தனர், மதிப்பெண்ணும் பெற்றனர். கடமை முடிந்தது என்று கருதியிருந்தோம். அந்த எண்ணத்தைச் சுட்டெரித்தது, சென்ற புரட்டாசியில், நாம் பணியாற்றும் சிற்றூரின் வயலில் விழுந்த ஓர் இடி.

சம்பா நடவு நட்டுக்கொண்டிருந்தனர் பதினொரு பெண்கள். பத்துப் பேர் கரையேறினர், ஒருத்தி ஏறவில்லை. அவள் மகள் நம் வகுப்பு மாணவி.

ஊர் கூடிற்று. "காலம் முடிந்துவிட்டது" என்றார் ஒருவர். "தலையெழுத்து" என்றார் மற்றொருவர். "எந்தப் பிறவியில் என்ன பாவம் செய்தாளோ!" என்று பெருமூச்செறிந்தார் ஒரு முதியவர். நிலத்துக்குரியவரோ, "நம் கையில் என்ன இருக்கிறது?" என்று கையை விரித்தார். நால்வர், நான்கு சொல். ஆனால் பொருள் ஒன்றே: பழி யார்மீதும் இல்லை! நாம் வாய் திறக்கவில்லை. எனினும் உள்ளத்துக்குள்ளே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டோம்: "அறியாமை!"

எது சரி? விதியா, வினையா, அறியாமையா? அல்லது இம்மூன்றின் பின்னாலும் ஒளிந்து நிற்கும் வேறொன்றா?

வானத்தின் நெருப்பை வணங்கி வாழ்ந்த காலமொன்று எல்லா நாட்டுக்கும் இருந்தது. நம்மவர் இந்திரன் கையில் வச்சிராயுதத்தைக் கொடுத்தனர். ஐரோப்பியர், இடி இடித்தால் கோயில் மணியை அடித்தனர். மணியோசை கேட்டு இடி விலகும் என்பது நம்பிக்கை. ஊரிலேயே உயரமான கோபுரம். கையிலே மழையில் நனைந்த கயிறு! விளைவு என்ன? 1784ஆம் ஆண்டு மியூனிக் நகரில் வெளிவந்த நூலொன்று கணக்குக் காட்டிற்று: 33 ஆண்டுகளில் 386 கோபுரங்கள் தாக்கப்பட்டன, மணியடித்தோர் 103 பேர் மாண்டனர். காக்க வந்த மணி, காலனின் தூதாயிற்று!

அதற்கு முன்பே, 1752இல், உண்மை வெளிப்பட்டுவிட்டது. பெஞ்சமின் பிராங்க்ளின் கூறிய சோதனையை அவ்வாண்டு பிரான்சு நாட்டிலே செய்து பார்த்தனர். மின்னல் என்பது மின்சாரமே என்று தெளிந்தனர். இடிதாங்கி பிறந்தது. உடனே வரவேற்பா? இல்லை! பிரான்சின் செயின்ட் ஓமர் நகரில் ஒருவர் தம் வீட்டின்மீது இடிதாங்கி நாட்டினார். அண்டை வீட்டார் அஞ்சினர். அகற்று என்று ஆணை பிறந்தது. வழக்கு மேல்மன்றம் சென்றது. 1783இல், அறிவியலின் பக்கம் நின்று வாதாடி வென்றார் இளம் வழக்கறிஞர் ஒருவர். அவர்தாம் பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியில் பெயர் பெற்ற ரோபஸ்பியர்.

இடிதாங்கி இடியைத் தடுப்பதில்லை. அது கேடின்றி மண்ணுக்குள் இறங்க வழி விடுகிறது. அவ்வளவே. அந்த எளிய கம்பி இன்று மாளிகையின்மீது நிற்கிறது, ஆலையின்மீது நிற்கிறது, ஆண்டவன் குடியிருப்பதாகச் சொல்லப்படும் கோபுரத்தின் உச்சியிலும் நிற்கிறது! கோபுரத்துக்கு விதியை நம்பாதவர்கள், கூலிக்காரிக்கு மட்டும் விதியை எழுதி வைப்பானேன்?

தடுக்க முடியாதது துன்பம். தடுக்க முடிந்தும் தடுக்காதது குற்றம். ஒரு சாவின் காரணம் தெரியாதவரையில் அது துன்பக் கணக்கில் இருக்கும். தெரிந்த நாள் முதல் அது குற்றக் கணக்குக்கு மாறிவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் மாண்டோர் 8,060 பேர். அவருள் மின்னலுக்கு இரையானோர் மட்டும் 2,887 பேர். வெள்ளத்துக்கும் புயலுக்கும் நடுங்கும் நாடு, ஒவ்வொருவராகப் பறித்துச் செல்லும் இந்தச் சாவைக் கண்டு திடுக்கிடுவதில்லை.

இவ்வாறெல்லாம் எண்ணி, "அறியாமையே பகை, அறிவே மருந்து" என்ற முடிவோடு, பதினாறு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த அச்சிறுமியிடம் பேசினோம். "இடிக்கும்போது வயலில் நிற்கக்கூடாது என்று அம்மாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியும் ஐயா. பாடத்தில் படித்ததை நான்தான் சொன்னேன். பாதியில் கரையேறினால் அரைக் கூலிதான் என்று அம்மா சொல்லிற்று."

நம் தீர்ப்பு பொடிப்பொடியாயிற்று. அறியாமை அன்று அவளைக் கொன்றது; அறிந்தும் அசைய முடியாத நிலை! "விதி" என்று சொல்லி ஊரார் தப்பினர். "அறியாமை" என்று சொல்லி நாமும் தப்பப் பார்த்தோம். இரண்டும் ஒரே கதவின் இரு தாழ்கள். செத்தவள்மீதே பழியைப் போட்டுவிட்டு, இருப்பவர் எல்லாம் குளித்துக் கரையேறும் வழி!

அறிவு சொல்வது என்ன? இடியோசை காதில் விழுந்தாலே இடர் எல்லைக்குள் இருக்கிறோம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குக. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் ஓசை வந்தால், உடனே உறுதியான கட்டடத்துக்கோ, மூடிய ஊர்திக்கோ செல்க. மரத்தடி ஆகாது, கீற்றுப் பந்தல் ஆகாது, நீர் நிற்கும் வயல் ஆகவே ஆகாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியுமட்டும் வெளியே வராதீர். புகலிடமே இல்லையாயின் ஒருவரையொருவர் விட்டு விலகுக, பாதங்களை ஒட்டி வைத்துக் குனிந்து அமர்க, படுக்காதீர். அடிபட்டவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை, தொட அஞ்சவேண்டா. மூச்சும் துடிப்பும் நின்றிருந்தால் மார்பை அழுத்தி உயிரை மீட்க முயல்க, 108ஐ அழைக்குக.

நல்ல அறிவுரைதான். ஆனால் "கட்டடத்துக்குச் செல்" என்பது, அருகே கட்டடம் உடையவனுக்குச் சொன்ன சொல். "முப்பது நிமிடம் காத்திரு" என்பது, நேரம் தனக்குச் சொந்தமாக உள்ளவனுக்குச் சொன்ன சொல். காலும் கூலியும் பிறர் கையில் இருப்பவளிடம் அதைச் சொல்லிவிட்டு, கடமை முடிந்தது என்று கைகழுவுவது அறமாகுமா?

நிலத்துக்குரியவர் பக்கமும் நியாயம் கேட்போம். "முகில் கறுக்கும் போதெல்லாம் வேலையை நிறுத்தினால் நடவு எப்போது முடியும்? நானும் கடன்பட்டவன்தானே? என் மகனும் அதே வயலில்தானே நிற்கிறான்?" என்கிறார். பொய்யில்லை. அவர் கொடியவர் அல்லர், வழக்கத்தின் பிள்ளை. ஆனால் கணக்கைப் பாருங்கள்! ஒரு பக்கம் அரைமணி, ஒருமணி நேரக் கூலி. மறுபக்கம் ஓர் உயிர். இந்தத் துலாக்கோலைப் பிடிக்கும் உரிமையை, உயிரைப் பணயம் வைப்பவளிடம் அன்றோ கொடுத்திருக்க வேண்டும்? தனியொருவரால் தாங்க இயலாத செலவாயின், ஊர் தாங்கட்டும், அரசு தாங்கட்டும். மாண்டவர் குடும்பத்துக்கு இலட்சக்கணக்கில் நிவாரணம் தரும் கை, வயல்வெளிகளுக்கு நடுவே இடிதாங்கியோடு கூடிய சிறு கட்டடங்கள் எழுப்ப நீளட்டும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்னும் செயலியால் மின்னல் முன்னறிவிப்புத் தருகிறது. அது மேலாளின் கைப்பேசியில் ஒலித்தும், சேற்றில் நிற்பவள் செவிக்கு எட்டவில்லையெனில், அந்த அறிவு யாருக்காக?

நாமும் தப்ப விரும்பவில்லை. பாடத்தைப் பிள்ளைகளிடம் சொன்னோம்; வரப்பிலே நின்று பெரியவர்களிடம் சொன்னோமா? "இடி கேட்டால் கரையேறலாம், கூலி குறையாது" என்று ஒரு சொல்லை ஊர்க் கூட்டத்தில் வாங்கித் தர முயன்றோமா? இல்லை. அந்தக் கடன் நம் கணக்கில் நிற்கிறது. அடுத்த நடவுக்கு முன் அதைத் தீர்க்கும் பணியில் இறங்கியிருக்கிறோம். இருவர் இசைந்துள்ளனர், பலர் சிரிக்கின்றனர். செயின்ட் ஓமரிலும் சிரித்திருப்பார்கள்!

இடி வானத்திலிருந்துதான் விழுகிறது. ஆனால் அது விழும் இடத்தில் ஒருத்தியை நிற்க வைத்தது வானம் அன்று.