கதிரை

அளவெட்டியில் வீட்டுக்கு வந்தவரிடம் 'கதிரையில இருங்கோ' என்கிறோம். தமிழகத்தார் 'நாற்காலி' என்பர். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து போர்த்துக்கீசரைத் துரத்தினர்; அவர்களுடைய 'கதெய்ரா' மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அதன் தாய் இலத்தீன் 'கத்தேத்ரா'. பாட்டி கிரேக்க மொழியில். பிரெஞ்சில் அது பிரசங்க மேடையையும் பேராசிரியர் பதவியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் 'செயார்'. ஆயரின் இருக்கை உள்ள ஆலயமே 'கதீட்ரல்'.

இருக்கை எப்படிப் பதவியாயிற்று? அமர்ந்து போதிப்பது அக்கால ஆசிரியரின் வழக்கம். மத்தேயு 23-ஆம் அதிகாரம் கூறும் மோசேயின் இருக்கையும் கிரேக்க மூலத்தில் இதே சொல்தான். ஆண்டவர் அவ்விருக்கையைப் பழிக்கவில்லை. அதில் அமர்ந்தோரின் நடத்தையையே கண்டித்தார். மாற்கு 11-இல் அவர் கவிழ்த்த புறா விற்போரின் இருக்கைகளும், பாருங்கள், இதே சொல்தான்!

நம் மண்ணிலோ, யாரைக் கதிரையில் இருத்துவது, யாரை நிலத்தில் இருத்துவது என்றொரு கணக்கு வளர்ந்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டுமென அரசு பணித்தபோது, பாடசாலைகளுக்கே தீ வைத்தவர்கள் இக்குடாநாட்டில் இருந்தார்கள்.

இன்று சட்டம் யாரையும் நிலத்தில் இருத்துவதில்லை. ஆனால் வேலியடைக்க வந்தவர் முற்றத்தில் நின்றபடியே தேத்தண்ணீர் குடிக்கிறார். விறாந்தையில் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. 'இருங்கோ' என்று சொல்ல நம்மைத் தடுப்பது எது?