பிழைத்த பிறகும் வலிக்கும்

மார்பகப் புற்றுநோய்க்காக அக்காவுக்குக் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்து முடித்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. கீமோவில் கொட்டிய முடி திரும்ப வளர்ந்தும் அதைக் கழுத்தளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். வலது கை காதுக்கு மேல் போகாததால் சடை பின்ன முடியவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் புடவை மாற்ற உதவிக்குக் கூப்பிட்டபோது தொட்டுப் பார்த்தேன். மார்பு எடுத்த இடத்திலிருந்து அக்குள் வரை தோல் விலா எலும்போடு ஒட்டிக் கிடந்தது. பிசைந்த மாவை மூடி வைக்க மறந்தால் மேலே காய்ந்து ஏடு கட்டுமே, அப்படி இருந்தது. "மூச்சை இழுத்தா உள்ளேயிருந்து யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும்" என்றாள்.

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லலை?"

"சொன்னேனே."

சொல்லித்தான் இருக்கிறாள். பரிசோதனைக்குப் போன இடத்தில், "உயிர் தப்பிச்சதே பெரிசும்மா, இதெல்லாம் பழகிக்கணும்" என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடமும் சொல்லியிருக்கிறாள். நானும் அதையேதான் இன்னும் கொஞ்சம் அன்பாகச் சொல்லியிருக்கிறேன்.

உயிர் பிழைத்தவர் அதற்கு மேல் ஒன்று கேட்கலாமா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்டால் நன்றி கெட்டதனம் போல அவளுக்கே தோன்றியிருக்கிறது. கூட சிகிச்சை எடுத்தவர்களில் இன்று இல்லாதவர்களை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாளாம். இறந்தவர்களைக் காட்டி இருப்பவரின் வலியை அடக்குவது நியாயமே இல்லை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

கதிர் புற்றணுக்களை அழிக்கும்போது சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களையும் கெடுக்கிறது. ரத்தம் குறைந்த திசுவில் காயம் ஆறியதும் நிற்கவேண்டிய வேலை நிற்பதில்லை. உடம்பு தழும்பு நாரைப் போட்டுக்கொண்டே போகிறது. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் கழித்துத்தான் இறுக்கம் தெரியும். அதாவது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு.

கடைசியில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். அவர் அதிகம் பேசவில்லை. அக்காவின் மார்புத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கப் பார்த்தார். வரவில்லை. "உங்க வயித்துக் கொழுப்பையே எடுத்து இங்க வைக்கலாம்" என்றார்.

உப்புநீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து அடிவயிற்றில் செலுத்தி, முனை மழுங்கிய மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். நியூயார்க்கின் சிட்னி கோல்மன் வகுத்த முறையில், நிமிஷத்துக்கு 3000 சுற்றாக 3 நிமிஷம் சுழற்றினால் அது மூன்றாகப் பிரியும்: மேலே எண்ணெய், அடியில் ரத்தநீர், நடுவே மஞ்சள் கொழுப்பு. நடுவில் உள்ளதை மட்டும் சிரிஞ்சில் எடுத்து, குழாயைப் பின்னுக்கு இழுத்தபடியே இழை இழையாக விடுகிறார்கள். நாற்றுக்கட்டை அப்படியே வயலில் வைத்தால் பிழைக்குமா? பிரித்துத்தானே நடுகிறோம். மொத்தமாகக் கொட்டிய கொழுப்பும் ரத்தம் எட்டாமல் செத்துப்போகும்.

1895இல் ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க்கில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதே வருஷம், அதே நாட்டில், ஹைடல்பர்க்கின் செர்னி என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் உடம்பிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அவள் மார்பில் வைத்த செய்தியை வெளியிட்டார். காயப்படுத்தப்போவதும் அதை ஆற்றப்போவதும் ஒரே சமயத்தில் பிறந்திருக்கின்றன. ஒன்றையொன்று சந்திக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2007இல் இத்தாலியின் வெரோனா நகரத்து ஜினோ ரிகோட்டி, கதிரால் கடுமையாகக் கெட்ட திசு உள்ள 20 பேருக்கு இப்படிக் கொழுப்பு ஏற்றியதில் திசு தேறியதைப் பதிவு செய்தார். கொழுப்பு வெறும் பள்ளத்தை நிரப்புவதில்லை, அதிலுள்ள ஸ்டெம் செல்கள் புது ரத்தக்குழாய் வளர உதவுகின்றன என்பது அவர் விளக்கம்.

தயக்கமும் இருந்திருக்கிறது. உள்ளே உண்டாகும் சுண்ணக் கட்டிகள் மேமோகிராமில் குழப்பும் என்று பயந்து, 1987இல் அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சையாளர் சங்கம் மார்பில் கொழுப்பு ஏற்றுவதை எதிர்த்தது. 2009இல்தான் அந்த நிலை மாறியது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் டாக்டரம்மாவும் நோய் திரும்பவில்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டுதான் தொட்டார். ஏற்றிய கொழுப்பில் ஒரு பங்கை உடம்பே கரைத்துவிடும், ஒரு தடவையில் முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இரண்டு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் வயிறெல்லாம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போய், பத்து நாள் இறுக்கமான பெல்ட்டோடு படுத்திருந்தாள். இரண்டாவது முடிந்து மூன்று மாதம் கழித்துப் போனபோது டாக்டரம்மா மறுபடி கிள்ளிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே தோல் எழும்பி வந்தது. கை காதைத் தாண்டியிருந்தது; உச்சந்தலைக்கு இன்னும் எட்டவில்லை.

"நல்ல முன்னேற்றம்மா. பரவாயில்லையா இப்ப?" என்றார்.

நான் தலையாட்டப் போனேன். அக்கா முந்திக்கொண்டாள். "அக்குள்ல இன்னும் இழுக்குது டாக்டர். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலை. இன்னொரு தடவை செய்வீங்களா?"

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கே, காட்டுங்க" என்றார்.