போற்றுதலும் பின்பற்றுதலும்

ஒரு தேசம் தன் தலைவரை நினைவில் நிறுத்த மேற்கொள்ளும் வழிகளுள் மிக எளியது, அவரைத் தெய்வமாக்கிவிடுவது. அதற்கு அவர் மறையும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. காந்தியடிகளுக்கு இது அவர் கண்முன்னேயே நிகழ்ந்தது.

1921-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் அவர் அன்றைய ஐக்கிய மாகாணத்திலுள்ள கோரக்பூருக்கு வந்தார். தங்கியது ஒரே நாள்தான். லட்சத்துக்கும் அதிகமான மக்கள் திரண்டிருந்தனர். இந்து - முஸ்லிம் ஒற்றுமை வேண்டும், தடியை ஏந்தக் கூடாது, சந்தைகளைச் சூறையாடக் கூடாது, மதுவையும் கஞ்சாவையும் சூதையும் விட்டொழிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். கூட்டத்திற்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் நாடியது தரிசனத்தை. திரும்பும் வழியில், நள்ளிரவிலும் ரயில் நிலையந்தோறும் மக்கள் கூடி அவரை உறங்க விடவில்லை.

அதன்பின் அவ்வட்டாரமெங்கும் அற்புதக் கதைகள் பரவின. ‘ஸ்வதேஷ்’ என்ற உள்ளூர் இதழ் அவற்றை வெளியிட்டு வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் அவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரை இரண்டாகப் பிளந்தால் மகாத்மாவை நம்புகிறேன் என்றாராம் ஒருவர், கொப்பரை பிளந்ததாம். கிணற்றிலிருந்து நறுமணப் புகை எழுந்ததாம். அவரை இகழ்ந்தவர்களின் வீட்டில் துன்பம் நேர்ந்ததாம். தொலைந்த பொருள் கிடைக்க அவர் பெயரில் வேண்டிக்கொண்டவர்களும் உண்டு.

இக்கதைகளை அறியாமை என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. அவற்றால் நன்மையும் விளைந்தது. பல ஊர்களில் மக்கள் குடியையும் சூதையும் கைவிட்டனர். ஆயினும் அந்த விரதங்கள் பலவற்றுக்குக் காவலாக நின்றது, மீறினால் தண்டனை வரும் என்ற பயமே. தெய்வீகச் செல்வங்களுள் அபயத்தை முதலாவதாக வைக்கிறது கீதையின் பதினாறாம் அத்தியாயம். அச்சத்தை உதறுங்கள் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவரின் பெயரே அச்சமூட்டும் பெயராயிற்று!

அடுத்த ஆண்டு, 1922 பிப்ரவரி 4-ஆம் நாள், அதே கோரக்பூர் மாவட்டத்தின் சௌரி சௌராவில் ஊர்வலம் சென்றவர்களைக் காவலர்கள் சுட்டனர், மூவர் இறந்தனர். சினங்கொண்ட கூட்டம் காவல் நிலையத்திற்குத் தீ வைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் மாண்டனர். அன்று அங்கே எழுந்த முழக்கம் ‘மகாத்மா காந்திக்கு ஜே’ என்பதே. அற்புதக் கதைகள்தாம் அந்தத் தீயை மூட்டின என்று கூறுவது நியாயமாகாது. அடிபட்ட மக்களின் நெடுநாள் வேதனையும் அதில் இருந்தது. ஆனால் ஒரு பெயரைப் போற்றிக்கொண்டே, அந்தப் பெயருக்குரியவர் சொன்னதற்கு நேர்மாறாக நடப்பது மனிதருக்கு எவ்வளவு எளிது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிவிட்டது. 1923-இல் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர்.

காந்தியடிகள் சட்ட மறுப்பை நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். மார்ச் 18-ஆம் நாள் ஆமதாபாத் நீதிமன்றத்தில், அந்தக் கொலைகளின் பொறுப்பிலிருந்து தம்மை விலக்கிக்கொள்ள இயலாது என்றார். அற்புதங்களின் நாயகனாகக் கதைகள் வரைந்தவர், தம் பெயரால் நடந்த குற்றத்தைத் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார்.

இன்று கிணற்றுப் புகையை யாரும் நம்பப் போவதில்லை. நம் வழிபாடு வேறு உருவம் கொண்டுள்ளது. 1996-இல் தொடங்கிய வரிசையில் ரூபாய்த் தாள்தோறும் அவர் முகம் உண்டு. அதே தாள்தான் லஞ்சமாகவும் கை மாறுகிறது. உண்மையைப் பற்றிப் பேச்சு வந்தால், “அவர் மகாத்மா, அவரால் முடிந்தது, நாம் சாமானியர்” என்கிறோம். பணிவு போல ஒலிக்கும் இச்சொல்லில் ஒரு சௌகரியம் ஒளிந்திருப்பதை வாசக அன்பர்கள் கவனிக்க வேண்டும். பீடத்தில் ஏற்றப்பட்டவரைப் பின்பற்ற வேண்டிய கடமை நமக்கு இல்லாமற் போகிறது.

அவர் இதை உணர்ந்தே இருந்தார். மகாத்மா என்ற பட்டம் தமக்கு வேதனை தந்ததைத் தம் வரலாற்றின் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். 1925 முதல் வாரந்தோறும் எழுதிய அந்நூலில், புலால் உண்டதையும் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. பதினைந்து வயதில் அண்ணனின் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடியவர், அதை ஒரு தாளில் எழுதித் தண்டனையும் வேண்டி, நோயுற்றுக் கிடந்த தந்தையின் கையில் நடுங்கியபடி கொடுத்தார். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார்.