சேவை என்று சொன்னால் போதுமா?



லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்கித் தேக்கா மார்க்கெட்டுக்குப் போகிற நாம் எல்லாரும் பக்கத்தில் ஹேம்ப்ஷியர் ரோட்டில் உள்ள நிலப் போக்குவரத்து ஆணையத்தைப் பார்த்திருப்போம். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு அது ரயில் பாதைகளைத் திட்டமிடுகிற இடம், ஒருநாள் வேலைக்கு மனுப் போட நினைத்திருக்கும் இடம். என் அப்பாவுக்கு அது பிறந்த இடம்.

ஆமாம், அங்கேதான் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்தது. மலாயில் அதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். மாடுகளும் பால்காரர்களும் இருந்த வட்டாரம் அல்லவா! 1924 அக்டோபர் 1ஆம் தேதி 30 படுக்கைகளோடு இலவச மகப்பேற்று மருத்துவமனையாக அது ஆரம்பமானது. அப்பா பிறந்த 1966ஆம் வருஷம் மட்டும் அங்கே ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தார்கள். ஒரு நாளைக்கு நூறுக்கும் மேல்! கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற கணக்கு அது. 1997இல் மருத்துவமனை புக்கித் தீமா ரோட்டின் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. இன்றைக்கு நாம் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை என்று சொல்வது அதைத்தான்.

அப்பா பிறந்ததும் முதலில் கையில் வாங்கியது யார் என்று பாட்டிக்குத் தெரியாது. "ஒரு மிஸ்ஸிதான்யா, நல்ல மனுஷி" என்பார். அந்தக் காலத்தில் தாதியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயர் தெரியாத அந்த மிஸ்ஸியைப் பாட்டி கடைசிவரைக்கும் வாழ்த்தினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில், "நான் தாதிமை படிக்கப் போறேன். அப்புறம் குழந்தைகள் வார்டுக்குப் போகணும்" என்றாள். மிஸ்ஸி கையில் பிறந்த என் அப்பா, தன் மகள் மிஸ்ஸி ஆகப்போகிறாள் என்றதும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வந்திருந்த அத்தை, "ஏம்மா, டாக்டருக்கு மார்க் பத்தலையா?" என்றார். நான் என்ன செய்தேன்? தங்கைக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "நீ நல்லா படிக்கிறவ, ஏன் இதுக்குப் போய்..." என்றேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மேசையில் இருந்த யாரையாவது தனியாகக் கேட்டால், "தாதி வேலை பெரிய சேவை, புண்ணியம்" என்றுதான் சொல்லியிருப்போம். அவ்வளவு பெரிய சேவை என்றால், நம் வீட்டுப் பிள்ளை செய்யக்கூடாதா? அடுத்த வீட்டுப் பிள்ளை செய்தால் மட்டும்தான் சேவையா? இந்தக் கேள்விதான் இரண்டு வருஷமாக என்னைக் குடைகிறது.

முதலில் அவள் என்ன படிக்கிறாள் என்று சொல்கிறேன். எனக்கே தெரியாமல்தான் அன்றைக்குப் பேசினேன்.

இங்கே தாதிமையைப் பல்கலைக்கழகப் பட்டமாகப் படிக்கும் வழி வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையம் 2005இல் தொடங்கி, 2006இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பிரிட்டனில் முதல் வருஷத்திலிருந்தே குழந்தைகள் தாதிமையைத் தனிப் பட்டமாகப் படிக்கலாம். நம் ஊரில் பொதுத் தாதிமையைப் படித்துப் பதிவு பெற்றபின், குழந்தைகள் பிரிவில் மேற்படிப்பு படித்துத் தேர்ச்சி பெற வேண்டும்.

குழந்தை என்றால் சின்ன சைஸ் பெரியவர் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. மூன்று கிலோ எடையுள்ள பச்சைக் குழந்தையின் உடம்பில் மொத்தமே சுமார் 240 மில்லிலிட்டர் ரத்தம்தான் இருக்கும். காபிக்கடையில் வாங்குகிற பாக்கெட் பானம் அளவு! பரிசோதனைக்கு எடுக்கிற ஒவ்வொரு துளியையும் எண்ணித்தான் எடுக்க வேண்டும். மருந்தை எடைக்கு ஏற்பக் கணக்குப் போட வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். இன்ஜினியரிங்கில் நாங்கள் பாலத்துக்கோ எந்திரத்துக்கோ பாதுகாப்பு இடைவெளி வைத்து வடிவமைப்போம். குழந்தை உடம்பில் அந்த இடைவெளி மிகவும் சின்னது.

இன்னொன்றும் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மெதுவாக மூச்சு விட்டால், "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தக் குழந்தை போராடிக் களைத்துப்போயிருக்கலாம். அப்படியானால் அதுதான் ஆபத்தான நிமிஷம். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் படுக்கைப் பக்கத்தில் நிற்கும் தாதிதான்.

பேசத் தெரியாத குழந்தையின் வலியை எப்படி அளப்பது? அதற்கும் முறை இருக்கிறது. முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டுப் பத்துக்குக் கணக்கிடுகிறார்கள். பாசத்தைக் கணக்காக மாற்றிவிட்டார்களே என்று முதலில் எனக்குத் தோன்றியது. பிறகுதான் புரிந்தது: பாசம் மட்டும் இருந்தால், சத்தமாக அழுகிற குழந்தையிடம் ஓடுவோம், சத்தமில்லாமல் வலியில் கிடக்கிற குழந்தையை விட்டுவிடுவோம்.

இது வெறும் யூகம் இல்லை. பழைய காலத்து மருத்துவமனைகளில் நல்ல மனதோடுதான் பெற்றோரைத் தள்ளி வைத்தார்கள். அம்மா வந்துவிட்டுப் போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்று நம்பினார்கள். 1952இல் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் மருத்துவமனையில் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படம்பிடித்துக் காட்டினார். அந்த அமைதி நிம்மதி அல்ல, உள்ளே உடைந்துபோவது என்று பலருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. 1959இல் பிளாட் குழு அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக வந்து பார்க்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று குழந்தைகள் வார்டில் அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே படுத்திருப்பதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். அன்றிருந்த தாதியருக்கு இரக்கம் இல்லாமலா போனது? இருந்தது. தெரிய வேண்டியது தெரியவில்லை.

இனி, என் தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வந்த ஒரு சாயங்காலம், தேக்கா மார்க்கெட் மாடிப்படி ஓரமாக ஆளுக்கொரு தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தோம். யார், என்ன நோய் என்று எதுவும் அவள் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இவ்வளவுதான் சொன்னாள்: "அண்ணா, இன்னிக்கு ஒரு சின்னப் பையனுக்கு ஊசி குத்தி ட்ரிப் ஏத்தணும். நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். காலையில என்கூட விளையாடின பையன்ணா. அவனுக்கு நல்லதுதான் செஞ்சோம். ஆனா அவனுக்கு அது தெரியாதே. அவனைப் பொறுத்தவரைக்கும் நான் வலிக்க வச்சவ. இது பாவமா?"

நான் உடனே பெரிய ஞானி மாதிரி, "பலனை எதிர்பார்க்காம கடமையைச் செய். உனக்குப் புண்ணியம்தான்" என்றேன். நம் இளையர் வகுப்பில் கற்றதை அப்படியே ஒப்பித்தேன்.

அவள் கோபப்படவில்லை. "எனக்குப் புண்ணியம் சேக்கறதுக்கா அவனுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு வாயடைத்துப்போனது. யோசித்துப் பாருங்கள். சேவை செய்தால் புண்ணியம் என்று சொல்லும்போது, நம் மனம் யாரிடம் இருக்கிறது? நம்மிடம்தான். நோயாளிக் குழந்தை நாம் மேலே ஏறுவதற்கு ஒரு படிக்கட்டாகிவிடுகிறது. பலனை எதிர்பார்க்காதே என்று கீதை சொல்வதில் புண்ணியமும் அடங்கும் அல்லவா? நன்றியை எதிர்பார்க்கக்கூடாது, புகழை எதிர்பார்க்கக்கூடாது, "நான் நல்லவள்" என்ற திருப்தியையும் எதிர்பார்க்கக்கூடாது. அந்தப் பையன் அவளை வெறுத்தாலும் அடுத்த நாள் போய் அதே முகத்தோடு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் மேடையில் பேசிய நிஷ்காம கர்மத்தை அவள் வார்டில் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் கேள்விக்குப் பதில் என்ன? பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால், "நல்லதுக்குத்தான்" என்ற ஒரு சொல்லால் அந்த வலியைத் துடைத்துவிடவும் முடியாது. குத்துவதற்கு முன்னால் மரத்துப்போகும் மருந்து தடவலாமா, அம்மா மடியில் வைத்துக்கொண்டு செய்யலாமா, பொய் சொல்லாமல் "கொஞ்சம் வலிக்கும், நான் இங்கேயே இருப்பேன்" என்று சொல்லலாமா என்று ஒவ்வொன்றாக யோசிப்பதுதான் பதில். இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொன்னாள். இதற்குப் படிப்பு வேண்டும். அன்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தப் படிப்பு காட்டுகிறது.

இப்போது நம் சமயத்துக்கே வருவோம். திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ நேரம். அவள் அம்மா வரும் வழியில் காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிட்டார். சிவபெருமான் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார், வெள்ளம் வடியும்வரை தாயையும் சேயையும் கவனித்துக்கொண்டார். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் வைத்து வழிபடுகிறார்கள்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது அற்புதம் என்று மட்டும் நினைத்தேன். இப்போது வேறு ஒன்று தெரிகிறது. கடவுள் நினைத்திருந்தால் வெள்ளத்தை நிறுத்தியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. ரத்தமும் துணியும் வெந்நீருமாக ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். தாதியாக வந்த தெய்வத்தைக் கும்பிடுகிற நாம், நம் வீட்டுப் பெண் தாதியாகப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம். உழவாரப்பணி என்று கோயில் தரையைத் தேய்த்துக் கழுவும்போது படம் எடுத்துப் போடுகிறோம், பெருமைதான். நோயாளிக் குழந்தையின் வாந்தியைத் துடைத்தால் மட்டும் அது ஏன் கீழான வேலை ஆகிறது?

பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிப்ட், முதுகுவலி, கண்ணெதிரே குழந்தைகள் படும் துன்பம், இதையெல்லாம் மகள் தாங்குவாளா என்று அப்பா பயந்தார். அந்தப் பயம் அன்புதான். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது நல்ல சம்பளம், போதிய ஓய்வு, போதிய ஆட்கள். "சேவைக்குச் சம்பளம் பேசலாமா?" என்று சிலர் கேட்பார்கள். அர்ச்சகருக்கும் கோயில் சம்பளம் கொடுக்கிறது. அதனால் அவர் செய்யும் பூஜை பக்தி இல்லை என்று யாராவது சொல்வோமா?

ஒரு சின்ன யோசனையோடு முடிக்கிறேன். 1885இல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் சிப்பாய் லைன்ஸில் இருந்த பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கினார்கள். அதை நினைவுகூரும் விதமாக ஆகஸ்ட் 1ஆம் தேதியைச் சிங்கப்பூரில் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நாம் நடத்துகிற கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்று ஒரே வரிசைதான் மேடையில் உட்காருகிறது. அடுத்த ஆகஸ்டில் ஒரு தாதியையும் கூப்பிடுவோமே. பூங்கொத்து கொடுத்து அனுப்புவதற்காக இல்லை. அவர் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்பதற்காக, நம் தம்பி தங்கைகள் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக.

அப்பா இன்னும் முழுசாக மாறவில்லை. ஆனால் அவள் பயிற்சி முடிந்து தாமதமாக வரும் நாட்களில் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நிற்கிறார். போன வாரம், "பிள்ளைங்கள்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டாராம். நான்தான் பாக்கி. அன்றைக்கு மேசையில் முடிக்காமல் விட்ட வாக்கியத்துக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதழ் வரும் முன்பே, நேரில் கேட்டுவிட வேண்டும்.