நிலக்கரி வரி யாருக்கு?

புவி வெப்பமுறுவதைத் தடுக்க ஏழை நாடு யாது செய்தல் வேண்டும்? "செல்வ நாடுகள் செய்த வினை, அவையே தீர்க்கட்டும்" என்பர் சிலர். இந்தியர் ஒருவருக்கு வரும் கரியமிலவாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவே. ஆதலின் அவ்வாதம் நியாயமுடையது. ஆயினும், நியாயம் நம் பக்கமிருப்பதால் வெயில் நம்மை விட்டுவிடுவதில்லை. தகரக் கூரையின் கீழ் வாழ்வோரையே அது முதலில் சுடுகின்றது.

கதிரொளி மின்சாரம், மின்சிக்கனம், காடு வளர்த்தல் என வழிகள் பல. நிலக்கரிக்கு வரி விதித்தலும் ஒரு வழியாம். 2010-இல் நம் அரசு டன்னுக்கு 50 ரூபாய் விதித்து, தூய எரிசக்திக்கென நிதியம் ஒன்றை அமைத்தது. 2016-இல் அவ்வரி 400 ரூபாயாயிற்று. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது, அப்பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யத் திருப்பப்பட்டது. 2025-இல் அத்தீர்வை நீங்கி, நிலக்கரிமீது சரக்கு சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. அதுவும் பொது வருவாயே.

மாநிலங்களின் தேவை பொய்யன்று. எனினும் ஒன்றின் பெயரால் வாங்கிய பொருளை மற்றொன்றிற்குச் செலவிடல் அறமாகுமா?

யான் ஆலைத் தொழிலாளியாயிருந்தவன். ஆலை மூடப்பட்டபோது முதலாளி வேறு தொழில் கண்டார். நாங்கள் தெருவில் நின்றோம். நாளை ஜரியாவிலும் தால்சேரிலும் சுரங்கங்கள் மூடப்படின், அங்குள்ளோர் கதியும் அதுவாகலாகாது.

ஆகவே வரி வேண்டும். அதன் முதற்பங்கு சுரங்கத் தொழிலாளியின் மறுவாழ்விற்கும், ஏழையின் மின்கட்டணத்திற்கும் உரியதெனச் சட்டமும் வேண்டும். உலகைக் காக்கும் செலவை எளியவன் தலையில் ஏற்றுவது கருணையாகாது.