பென்சில் பட்டியல்

நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்கு என்னை மாணவர் தலைவியாகப் போட்டிருக்கிறார் திட்ட அலுவலர். வகுப்பில் 'உள்ளேன் ஐயா'வுக்கு மேல் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. "சத்தம் போட நிறையப் பேர் இருக்காங்க. கணக்கு வச்சுக்கத்தாம்மா ஆள் இல்ல" என்றார். பாராட்டுத்தானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

ஓர் அலகுக்கு நூறு பேர், அதில் பாதி முகாமுக்கு. ஏழு நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படுக்கை. ஊரணிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டுவதுதான் முக்கிய வேலை. மேலே வெட்டிவிட்டுப் போனால் மறுபடி துளிர்த்துவிடும், தூரோடு தோண்ட வேண்டும். தோண்டுகிறவர்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை. வெட்டுகிறவர்களைத்தான் எடுக்கிறார்கள்.

*

வேலைப் பட்டியலைப் பென்சிலால் எழுதுகிறேன். பொழுது விடிவதற்குள் பேர்கள் இடம் மாறும்.

கருவேலக் குழுவில் ஒருத்தி காலையிலிருந்து அடிவயிற்றில் கை வைத்தபடியே நின்றாள். கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பாள். மறுநாள் பட்டியலில் அவள் பேரை அழித்துக் காய்கறி நறுக்கும் குழுவில் எழுதினேன், அங்கிருந்த ஒரு பையனைக் கடப்பாரைக்கு மாற்றினேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் காரணம் சொல்லவில்லை. மத்தியானப் பந்தியில் என் இலையில் மட்டும் அப்பளம் இரண்டாக விழுந்தது.

அதட்டத் தெரியவில்லையே என்று ஊரிலிருந்து கிளம்பும்போது இருந்த கவலை இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

*

இந்தத் திட்டத்தைத் தொடங்கியது 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில். காந்தி நூற்றாண்டு ஆண்டு அது. கூட்டத்தில் எழுந்து நின்றால் நா எழாத ஒரு மாணவரின் நூற்றாண்டு என்றும் சொல்லலாம்.

லண்டனில் சட்டம் படிக்கப் போனவர் அங்கே சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழு உறுப்பினரானார். கூட்டங்களில் பேசாமலே உட்கார்ந்திருப்பார். கருத்தடையை ஆதரித்து எழுதிய டாக்டர் அலின்சனைச் சங்கத்தை விட்டே நீக்க வேண்டும் என்றார் தலைவர் ஹில்ஸ். சங்கத்துக்குப் பெரும்பணம் கொடுத்து வந்தவர் அவர். கருத்தடை விஷயத்தில் காந்தியும் ஹில்ஸ் பக்கம்தான். ஆனாலும் அதற்காக ஒருவரைச் சைவ உணவுச் சங்கத்திலிருந்து விலக்குவது நியாயமில்லை என்று பட்டது. எழுதிக்கொண்டு போனார். எழுந்து படிக்கத் துணிவில்லை. வேறொருவர் படித்தார். அலின்சன் தோற்றார்.

கூச்சம் தமக்கு அளந்து பேசக் கற்றுக்கொடுத்தது என்று பின்னாளில் 'சத்திய சோதனை'யில் காந்தி எழுதினார். பேசாதவர்களுக்கு ஆறுதல் சொல்ல எல்லோரும் எடுத்துக்காட்டும் இடம் அது. எனக்கென்னவோ அலின்சன்தான் நினைவில் நிற்கிறார். கூச்சம் ஒருவருடையது, நஷ்டம் இன்னொருவருக்கு. அந்தத் தாளைக் காந்தியே படித்திருந்தாலும் முடிவு மாறாமல் போயிருக்கலாம்தான்.

*

1893இல் பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டிக் காந்தி பேசிய பேச்சைவிட அதற்கடுத்து நடந்தது எனக்குப் பிடிக்கும். ஆங்கிலம் படிக்க விரும்புகிறவர்களுக்குத் தாமே சொல்லித் தருவதாகச் சொன்னார். முடிதிருத்தும் ஒருவர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர் என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை ஒழியும் நேரம் பார்த்து அவர்கள் இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

தலைமை என்றால் மைக் என்று நம் கல்லூரிகளில் யார் பழக்கினார்களோ!

*

ராத்திரி மதிப்பாய்வுக் கூட்டம். கடைசிப் பந்திக்குச் சாம்பார் வெறும் தண்ணீர், சமையல் அம்மா பருப்பை வீட்டுக்குக் கொண்டு போகிறார் என்று ஒருவன் ஆரம்பித்தான். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பாத்திரம் கழுவிவிட்டு அந்த அம்மா அப்போதே வீட்டுக்குப் போயிருந்தார்.

நோட்டோடு எழுந்து நின்றேன். ஸ்டோரிலிருந்து அளந்து கொடுத்த பருப்பு எவ்வளவு, சாப்பிட்டது எத்தனை பேர், வேடிக்கை பார்க்க வந்த ஊர்ப் பிள்ளைகளில் நம்மோடு பந்தியில் உட்கார்ந்தவர்கள் எத்தனை என்று வரிசையாகப் படித்தேன். குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் "சத்தமா படிங்கக்கா" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

நாளையிலிருந்து பருப்பு இரண்டு கிலோ கூடுதல், ஊர்ப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்ப்பது என்று முடிவானது. டவுன் கடைக்கு யார் போவது என்பதில்தான் இழுபறி. அதிகாலை முதல் பஸ் என்றதும் ஒருவரும் கை தூக்கவில்லை. சாம்பார் பேச்சை ஆரம்பித்தவன் பேரையே பட்டியலில் எழுதியிருக்கிறேன்.